மெய்நிகர் கல்லீரல் கைக்கு ஏன் ரப்பராகப் படுகிறது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போகிறேன். வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவும் நீண்ட கருவிகளும் நுழைக்கும் லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை அகற்றும் அறுவைக்கு ஒரு பயிற்சிக் கருவியை உங்கள் குழு உருவாக்கி வருகிறது. திரையில் கல்லீரல் அசலைப் போலவே ஈரமாக மின்னுகிறது. ஆனால் விசையைத் திருப்பித் தரும் கைப்பிடியால் அதைத் தொட்டால் இரண்டு குறைகள் தெரிகின்றன. மெதுவாக அழுத்தினால் ரப்பரைத் தொடுவதுபோல் இருக்கிறது. கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் கைப்பிடியே நடுங்குகிறது. இன்னும் நுணுக்கமான திசு மாடலும் இன்னும் வேகமான கணினியும் கிடைத்தால் இரண்டும் தீருமா என்று கேட்கிறீர்கள்.

பெரும்பாலும் தீராது. நடுக்கம் வேறு காரணத்தால் வருகிறது, ரப்பர்த்தன்மை வேறு காரணத்தால் வருகிறது. இந்தத் துறையில் பல குழுக்கள் முதல் ஆண்டை மாடலின் கண்ணிகளை, அதாவது உறுப்பைப் பிரித்துக் கணக்கிடும் சிறு துண்டுகளை, நுணுக்குவதிலேயே கழித்துவிடுகின்றன. கைக்கு எது முதலில் தேவை என்ற கேள்வி கடைசியில்தான் எழுகிறது. அந்த வரிசையை மாற்றச் சொல்வதுதான் இந்தப் பதிலின் நோக்கம். முதலில் நிலைத்தன்மை, பிறகு காலத்தோடு மாறும் விசை, பிறகு உறுப்பு எங்கெங்கே ஒட்டியிருக்கிறது என்பது, அதன் பிறகுதான் கண்ணிகளின் நுணுக்கம்.

நடுக்கத்தை முதலில் பார்ப்போம். கண் விநாடிக்கு 60 படங்களில் திருப்தி அடைந்துவிடும். கை அப்படியில்லை. தோலுக்கு அடியில் அதிர்வை உணரும் பசீனியன் நுண்ணுறுப்புகள் விநாடிக்கு 200 முதல் 300 வரையிலான அதிர்வுகளில் மிகக் கூர்மையாக வேலை செய்கின்றன. விசையைக் கணக்கிட்டு மோட்டாருக்கு அனுப்பும் சுற்று விநாடிக்கு 1000 முறை ஓட வேண்டும் என்பது இந்தத் துறையில் வழக்கமாகிவிட்டதற்கு இது ஒரு காரணம். இதைவிட முக்கியமான காரணம் ஆற்றல் கணக்கில் இருக்கிறது.

மெய்நிகர் பரப்புக்குள் கருவிமுனை நுழையும் கணத்தை அருகிலிருந்து பாருங்கள். கணினி முனையின் இடத்தை ஒரு மில்லிவிநாடிக்கு ஒருமுறைதான் பார்க்கிறது. இரண்டு பார்வைகளுக்கு நடுவில் கை இன்னும் கொஞ்சம் உள்ளே போய்விடுகிறது, ஆனால் எதிர்விசை பழைய ஆழத்துக்கு உரியதாகவே நிற்கிறது. ஆகவே உள்ளே தள்ளும்போது கை செய்யும் வேலை இருக்க வேண்டியதைவிடக் குறைவு. வெளியே எடுக்கும்போது நேர்மாறாக நடக்கிறது. கை பின்வாங்கிவிட்ட பிறகும் முந்தைய, அதிக ஆழத்துக்கு உரிய விசை தள்ளிக்கொண்டே இருக்கிறது. உள்ளே போனபோது கொடுத்ததைவிட வெளியே வரும்போது அதிக ஆற்றல் திரும்பி வருகிறது, விட்ட உயரத்தைவிட மேலே எழும்பும் பந்தைப் போல. அந்த உபரி ஆற்றல்தான் உங்கள் கையில் நடுக்கமாகத் தெரிகிறது.

ரோபோ ஆய்வாளர் எட்வர்ட் கோல்கேட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 1990களில் இதற்கு ஓர் எளிய நிபந்தனையை நிறுவினார்கள். மெய்நிகர் பரப்பின் விறைப்பைச் சுற்று நேரத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் வரும் எண்ணைவிடக் கருவியின் சொந்த உராய்வுத் தணிப்பு, அதாவது அசையும்போது ஆற்றலை உறிஞ்சும் தன்மை, அதிகமாக இருக்க வேண்டும். எண்களைப் போட்டுப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டன், அதாவது மீட்டருக்கு 1000 நியூட்டன் விறைப்பு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சுற்று விநாடிக்கு 1000 முறை ஓடினால் தேவைப்படும் தணிப்பு 0.5 நியூட்டன் விநாடி/மீட்டர். அதே விறைப்பை, படம் வரையும் 60 என்ற வேகத்திலேயே கணக்கிட்டால் தேவை 8.3 ஆகிவிடும். மேசைமேல் வைக்கும் கைக்கருவிகள் தடையின்றி அசைய வேண்டும் என்பதற்காகவே தணிப்பு மிகக் குறைவாக இருக்கும்படி வடிவமைக்கப்படுகின்றன. அவற்றிடம் இவ்வளவு தணிப்பை எதிர்பார்க்க முடியாது.

இங்கே பலர் மென்பொருளிலேயே தணிப்பைச் சேர்த்துவிடலாம் என்று முயல்கிறார்கள். அதே நிபந்தனையில், மென்பொருள் சேர்க்கும் தணிப்பும் கருவி ஈடுகட்ட வேண்டிய பக்கத்தில்தான் கூட்டப்படுகிறது. வேகத்தை இடத்திலிருந்து கழித்துக் கணக்கிடும்போது சேரும் இரைச்சல் வேறு. ஆகவே ஓர் அளவுக்கு மேல் தணிப்பைக் கூட்டக் கூட நடுக்கம் அதிகரிக்கும். விசையை வடிகட்டிச் சீராக்குவதும் இதே போன்றதுதான். வடிகட்டி தாமதத்தைக் கூட்டுகிறது, தாமதம் உபரி ஆற்றலைக் கூட்டுகிறது.

சரியான வழி சுற்றுகளைப் பிரிப்பதே. முழுத் திசுவின் உருமாற்றத்தைக் கணக்கிடும் சுற்று தன் வேகத்தில் ஓடட்டும். விசைச் சுற்று தனியே, எதற்காகவும் காத்திருக்காமல், ஒரு மில்லிவிநாடிக்கு ஒருமுறை ஓடட்டும். அதன் கையில் முழுக் கல்லீரல் தேவையில்லை. தொடும் இடத்தைச் சுற்றியுள்ள சிறு பரப்பும் அதன் உள்ளூர் விறைப்பும் இருந்தால் போதும். கருவிமுனை பரப்புக்குள் புகுந்துவிட்டாலும், பரப்பின் மேலேயே தங்கும் ஒரு பதிலிப் புள்ளியை வைத்து, அதற்கும் உண்மையான முனைக்கும் உள்ள தூரத்திலிருந்து விசையைக் கணக்கிடும் முறையைச் ஜில்ஸும் சாலிஸ்பரியும் 1995இல் கொடுத்தார்கள். மெல்லிய திசுவுக்குள் முனை புகுந்து மறுபக்கம் வந்துவிடும் சிக்கலையும் அதுவே தீர்க்கிறது. மெதுவான சுற்றிலிருந்து புதிய பரப்பு வரும்போது மட்டும் விசை திடீரென்று தாவாதபடி, பழைய பரப்பிலிருந்து புதியதற்குப் படிப்படியாக நகர்த்துங்கள். இதை விட்டுவிட்டால் கல்லீரலின் மேல் முனையை இழுக்கும்போது சொரசொரப்பான கல்லைத் தேய்ப்பதாகத் தோன்றும்.

சராசரிச் சுற்று நேரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஆயிரம் சுற்றுகளில் ஒன்று 20 மில்லிவிநாடி எடுத்துக்கொண்டால் சராசரி அழகாகவே இருக்கும், கைக்கு மட்டும் ஓர் உதறல் தெரியும். மிக மோசமான சுற்றைப் பதிவு செய்யுங்கள்.

கருவியின் வரம்பையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தாமஸ் மாசியும் கென்னத் சாலிஸ்பரியும் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய ஃபான்டம் கருவியின் வழிவந்ததுதான் இன்று பல ஆய்வகங்களில் இருக்கும் 'டச்'. அதன் உச்ச விசை 3.3 நியூட்டன், தொடர்ந்து தரக்கூடியது 0.88 நியூட்டன் மட்டுமே. ஆறு அச்சுகளில் அசைவை அறியும், மூன்றில் மட்டும் விசை தரும். கருவியைத் திருகும்போது எழும் எதிர்ப்பு அதில் வராது. பித்தப்பையை இழுத்துப் பிடிக்கும்போது உங்கள் மாடல் 5 நியூட்டன் என்று கணக்கிட்டாலும் கைக்கு வருவது உச்ச வரம்புதான். அதற்கு மேல் எவ்வளவு இழுத்தாலும் ஒரே மாதிரி இருக்கும். பயிற்சி பெறுபவர் இன்னும் இழுக்கலாம் போலிருக்கிறது என்று கற்றுக்கொள்வார். இது ஆபத்தான பாடம். விசைகளை வெட்டிவிடாமல் ஒரே விகிதத்தில் குறைத்துத் தருவதே மேல். அப்படிச் செய்தால் ஏற்ற இறக்கமாவது உண்மையாக இருக்கும்.

இனி ரப்பர். மீள்மை மட்டும் உள்ள பொருளை அழுத்தினால் விசை உடனே எழும், அழுத்தம் நீடிக்கும்வரை அப்படியே நிற்கும், விட்டதும் அதே பாதையில் திரும்பும். உங்கள் மாடல் இதைத்தான் செய்கிறது என்று நினைக்கிறேன். உயிருள்ள திசு எதையும் இப்படிச் செய்வதில்லை. அதன் கொலாஜன் இழைகள் ஓய்வில் நெளிந்து கிடக்கின்றன. முதலில் இழுக்கும்போது அந்த நெளிவு நிமிர்கிறது, எதிர்ப்பு அநேகமாக இல்லை. நிமிர்ந்து முடிந்ததும் இழைகளே சுமையைத் தாங்குகின்றன, விசை செங்குத்தாக ஏறுகிறது. இழுத்து அசையாமல் பிடித்தால் விசை மெல்லத் தளர்கிறது. விடும்போது வந்த வழியே திரும்பாமல், இடையில் ஆற்றலை இழந்து வேறு பாதையில் திரும்புகிறது. வேகமாகக் குத்தினால் கெட்டியாகவும், மெதுவாக அழுத்தினால் இளகியும் இருக்கிறது.

அனுபவமுள்ள அறுவை மருத்துவர் ஒருவர் இந்த வகைக் கருவியில் என்ன செய்கிறார் என்று கவனித்துப் பாருங்கள். திசுவைப் பற்றி, மெல்ல இழுத்து, ஒரு கணம் நிறுத்துகிறார். இழுவிசை தளர்கிறதா என்று அந்த ஒரு கணத்தில் கை பார்த்துக்கொள்கிறது. தளர்ந்தால் இன்னும் கொஞ்சம் இழுக்கலாம். உங்கள் மாடலில் அந்தக் கணம் வெறுமையாக இருக்கிறது, அதனால்தான் அவர் ரப்பர் என்று சொல்லிவிடுகிறார்.

ஆகவே ரப்பர்த்தன்மையைப் போக்க நான் முதலில் சேர்க்கச் சொல்வது காலத்தோடு தளரும் விசையை. வெவ்வேறு வேகங்களில் தேய்ந்து மறையும் இரண்டு அல்லது மூன்று விசைகளின் எளிய கூட்டுத்தொகை போதும். ஒவ்வொரு சுற்றிலும் சில பெருக்கல்கள்தான் கூடும். கண்ணிகளை இரட்டிப்பதோடு ஒப்பிட்டால் செலவே இல்லை எனலாம், கைக்குத் தெரியும் வித்தியாசமோ மிகப் பெரிது. நேர்கோடு அல்லாத விறைப்பு அதற்கு அடுத்தது.

மூன்றாவதாக ஒட்டுதல். இதை மிகப் பலர் தவறவிடுகிறார்கள். கல்லீரல் வெற்றிடத்தில் ஆணியடித்து நிறுத்திய பொருள் அன்று. உதரவிதானத்துக்கு அடியில் தசைநார்களால் தொங்கிக்கொண்டு, பக்கத்து உறுப்புகளின்மேல் சாய்ந்துகொண்டு, ஒவ்வொரு மூச்சுக்கும் மேலும் கீழும் நகர்கிறது. கருவியால் அதன் ஓரத்தைத் தள்ளினால் முதலில் நகர்வது உறுப்பு, பிறகுதான் குழிவு விழும். அடிப்பகுதிக் கண்ணிகளை அசையாமல் நிறுத்திவிட்ட மாடலில் எல்லாத் தள்ளுதலும் குழிவாகவே மாறும். பொருளின் விறைப்பைக் குறிக்கும் எண்ணான குணகம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அது ரப்பர்க் கட்டியாகவே படும். தாங்கும் இடங்களை மென்மையான வில்களாக மாற்றிப் பாருங்கள். அரை நாள் வேலை.

குணக எண்களைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. கல்லீரலின் விறைப்பை அளக்கும் மீயொலிக் கருவி ஆரோக்கியமான கல்லீரலுக்குச் சுமார் 5 கிலோபாஸ்கல் என்றும், இழைநார் வளர்ந்து சுருங்கிய கல்லீரலுக்கு 12க்கு மேல் என்றும் காட்டும். இவை மிகச் சிறிய, வேகமான அதிர்வுக்குத் திசு தரும் பதில். கருவியால் ஒரு சென்டிமீட்டர் அழுத்தும்போதும் இதே எண் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குருதி ஓட்டம் நின்ற உறுப்பில் அளந்த எண்களும் உயிருள்ள உறுப்புக்கு அப்படியே பொருந்துவதில்லை. ஆனால் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. அழுத்திப் பார்த்து ஒரு பொருள் இன்னொன்றைவிட விறைப்பா என்று பிரித்தறியும் திறன் மனிதக் கைக்கு அவ்வளவு நுட்பமானதன்று. சில விழுக்காடு வேறுபாடு தெரியாது. எனவே குணகத்தைத் துல்லியமாக்க மாதக்கணக்கில் உழைப்பதைவிட, அது காலத்தோடும் ஆழத்தோடும் எப்படி மாறுகிறது என்ற வடிவத்தைச் சரியாக்குவது பயன் தரும்.

இவையெல்லாம் முடிந்த பிறகு மாடல் தேர்வு. நிறைகளையும் வில்களையும் கோத்த பழைய வகை வேகமானது, ஆனால் வில்லின் எண்களுக்கும் பொருளின் குணகங்களுக்கும் நேரடித் தொடர்பு இல்லை, பருமனும் தானாகக் காக்கப்படாது. உறுப்பைச் சிறு கூறுகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் பொருளின் இயற்பியலைக் கணக்கிடும் ஃபினைட் எலிமென்ட் முறையில் அந்தத் தொடர்பு உண்டு. 1990களின் பிற்பகுதியில் பிரான்சின் இன்ரியா நிறுவனத்தில் கோத்தான், டெலாஞ்ஜெத், அயாஷ் ஆகியோர் கல்லீரலுக்கு இதைச் செய்து காட்டினார்கள். கண்ணிகளின் பதில்களை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொண்டு, தொடும்போது கூட்டிச் சேர்த்தார்கள். வெட்டாத வரையில் அருமையான முறை. வெட்டியதும் கண்ணிகளின் தொடர்பு மாறிவிடும், முன்கணக்கு பயனற்றுப்போகும். வெட்டும் பகுதிக்கு மட்டும் உடனுக்குடன் கணக்கிடும் வேறு மாடலை அவர்களே பிறகு இணைத்தார்கள். இன்றும் அந்தக் கலப்பு நல்ல உத்தி. விளையாட்டு மென்பொருள்களிலிருந்து வந்த, இடத்தை நேரடியாகத் திருத்தும் முறையை நீங்கள் பயன்படுத்தினால் ஒன்றைக் கவனியுங்கள். அதன் பழைய வடிவத்தில் விறைப்பு, திருத்தத்தை எத்தனை சுற்று திரும்பச் செய்கிறோம் என்பதையும் கால அடியையும் (கணக்கு ஒருமுறை முன்னேறும் நேர அளவையும்) பொறுத்து மாறும். வேகமான கணினிக்கு மாற்றி அதிகச் சுற்றுகள் ஓட்டினால் கல்லீரல் தானே கெட்டியாகிவிடும். 2016இல் வெளிவந்த திருத்திய வடிவம் அந்தச் சார்பை நீக்குகிறது.

திசு அநேகமாக நீர். அழுத்தினால் பருமன் குறையாது, பக்கவாட்டில் பிதுங்கும். இந்தப் பண்பைத் துல்லியமாகக் கொண்டுவர முயலும்போது கணக்கு எப்படி வீங்குகிறது என்பதற்கு ஓர் உதாரணம். 5 கிலோபாஸ்கல் குணகமும் தண்ணீரின் அடர்த்தியும் உள்ள திசு, 2 மில்லிமீட்டர் கண்ணி என்று கொள்வோம். அழுத்தும்போது பக்கவாட்டில் எவ்வளவு பிதுங்கும் என்பதைக் குறிக்கும் பாய்சான் விகிதத்தை (பருமன் சற்றும் மாறாவிட்டால் அது 0.5) 0.49 என்று வைத்தால் மாடலில் அழுத்த அலை விநாடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் ஓடும், படிப்படியாக முன்னேறும் கணக்கில் ஒரு கால அடி 0.2 மில்லிவிநாடிக்கு மிகாமல் இருக்க வேண்டும். அதே விகிதத்தை 0.499 ஆக்கினால் அலை வேகம் 29 மீட்டர் ஆகிறது, அடி 0.07 மில்லிவிநாடிக்குச் சுருங்குகிறது. ஒரு விசைச் சுற்றுக்குள் ஐந்து அடிகள் போதும் என்ற இடத்தில் இப்போது பதினைந்து தேவை. அந்தப் பத்து அடிகளுக்கு ஈடாகக் கைக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. 0.49லேயே நில்லுங்கள்.

இவ்வளவும் அழுத்துவதைப் பற்றியது. அறுவையின் பாடம் பெரும்பாலும் விசை திடீரென்று மாறும் கணங்களில் இருக்கிறது. ஊசி உறுப்பின் உறையில் படும்போது விசை ஏறிக்கொண்டே போகும், உறை துளைபட்டதும் சட்டென்று விழும், பிறகு உராய்வும் வெட்டும் விசையும் மட்டும் தொடரும். ரோபோ ஆய்வாளர் அலிசன் ஒகமுராவின் குழு 2004இல் மாட்டுக் கல்லீரலில் அளந்து இந்த மூன்று பகுதிகளையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டியது. முதுகுத்தண்டில் எபிடியூரல் ஊசி செலுத்தும் மருத்துவர் மஞ்சள் தசைநாரைக் கடந்ததும் எதிர்ப்பு மறைவதை வைத்தே இடம் வந்துவிட்டதை அறிகிறார். அந்த ஒரு வீழ்ச்சி கூர்மையாக இல்லாவிட்டால் அந்தப் பயிற்சிக் கருவியால் பயனில்லை. உங்கள் அறுவையில் அதற்கு இணையானது, பித்தப்பையைக் கல்லீரல் படுகையிலிருந்து பிரிக்கும்போது ஒவ்வொரு மெல்லிய இழையும் விட்டுக்கொடுக்கும் கணம். அதைத் தனி நிகழ்வாக, தனி விசை வீழ்ச்சியாக எழுதுங்கள். மாடலிலிருந்து தானாக வந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள்.

இப்போது நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இந்த அறுவைக்குத் தொடுவிசை எவ்வளவு தேவை? 2002இல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு ஒன்றில் 16 பயிற்சி மருத்துவர்கள் கலந்துகொண்டார்கள். சிலருக்கு மிஸ்ட் என்ற மெய்நிகர்க் கருவியில் பயிற்சி அளித்து, பிறகு எல்லோரையும் உண்மையான பித்தப்பை அறுவையில் கவனித்தார்கள். மெய்நிகர்ப் பயிற்சி பெற்றவர்கள் பித்தப்பையைப் பிரிக்கும் பணியை 29 விழுக்காடு விரைவாக முடித்தார்கள். பயிற்சி பெறாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ தேவையற்ற திசுவைச் சுடவோ ஐந்து மடங்கு வாய்ப்பு இருந்தது. அந்த மிஸ்ட் கருவியில் விசைப் பின்னூட்டமே கிடையாது. திரையில் கல்லீரல்கூட இல்லை, வெறும் உருண்டைகளும் பெட்டிகளும்தான்.

அங்கே பயிற்சி பெற்றது கண்ணும் கையும் ஒருங்கிணைவது. வயிற்றுச் சுவரின் துளை கருவிக்குச் சுழல்மையம் ஆகிவிடுவதால் கை இடப்பக்கம் போனால் முனை வலப்பக்கம் போகும். அதைப் பழகத் தொடுவிசை வேண்டாம். மேலும், லேப்ராஸ்கோப்பியில் கருவி நுழையும் குழாயின் உராய்வும் கைக்கு வரும் விசையில் கணிசமான பங்கு வகிக்கும், சில வேளை திசுவின் விசையையே மூடிவிடும். மருத்துவர் தூரத்திலிருந்து இயக்கும் டா வின்சி அறுவை ரோபோ 2000இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. திசுவின் விசையைக் கைக்குத் திருப்பித் தரும் கருவிகளோடு அதன் ஐந்தாம் தலைமுறை 2024இல்தான் அனுமதி பெற்றது. இடைப்பட்ட காலம் முழுவதும் மருத்துவர்கள் திசு எப்படி வெளிறுகிறது, எப்படி இழுபடுகிறது என்பதைப் பார்த்தே விசையை மதிப்பிட்டார்கள். கண்ணால் பார்க்கும் உருமாற்றம் கை உணரும் விறைப்பையே மாற்றிவிடும் என்பது ஆய்வகச் சோதனைகளிலும் உறுதியான உண்மை.

ஆகவே என் கருத்து வெளிப்படையானது. தவறான விசையைத் தருவதைவிட விசையே தராமல் விடுவது நல்லது. நடுங்கும் கல்லீரலில் பயின்ற கை, கருவியை இறுக்கிப் பிடிக்கப் பழகிவிடும். ஊசி செலுத்துதல், எலும்பைத் துளையிடுதல், கட்டியைத் தடவிக் கண்டுபிடித்தல் ஆகியவற்றில் தொடுவிசை இல்லாமல் பயிற்சியே இல்லை. உங்கள் பித்தப்பை அறுவையில் அது இரண்டு இடங்களில்தான் உண்மையாகத் தேவை: இழுத்துப் பிடிக்கும் விசை, இழை விட்டுக்கொடுக்கும் கணம். குழாய் உராய்வையும் மறக்காமல் சேருங்கள், அது இல்லாவிட்டால் திசு அசலைவிடத் தெளிவாக உணரப்படும், அதுவும் பொய்தான்.

சரிபார்க்கும்போது மருத்துவர்களிடம் 'ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள்' என்று மட்டும் கேட்டு நிறுத்திவிட வேண்டாம். படம் அழகாக இருந்தால் தொடுதலுக்கும் நல்ல மதிப்பெண் விழும். திரையை மறைத்துவிட்டு, ஆரோக்கியமான கல்லீரல் எது, சுருங்கிய கல்லீரல் எது என்று அழுத்திச் சொல்லச் சொல்லுங்கள். தளர்வை நிறுத்தியும் சேர்த்தும் இரண்டு முறை கொடுத்து எது திசு என்று கேளுங்கள். பிறகு திரையைத் திறந்து, அனுபவமுள்ளவர்களும் புதியவர்களும் செலுத்தும் உச்ச விசையையும், இழுத்த பின் நிறுத்தும் நேரத்தையும் பதிவு செய்யுங்கள். இரு குழுவினரின் பதிவுகளும் ஒரே மாதிரி இருந்தால் கண்ணிகளைத் தொடாதீர்கள். விசைச் சுற்றின் பதிவையும் ஒட்டுதல்களையும் மறுபடி திறந்து பாருங்கள்.